முதல் திங்கட்கிழமை

மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலையில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களிலுள்ள கிராமத் தேவாலயங்களில் விளக்கேற்றி மக்கள் கூடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைபெற்றிருந்த ஒரு வழக்கமாகும். 1784ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோர்தம்ரன்சயர்ப் பகுதிப் பப்ரிஸ்ற் சபையார் தொடக்கிவைத்த மாதாந்தச் செபக்கூட்டமே கடல்கடந்து அங்கும் வேரூன்றியது. கமக்காரரும் தச்சரும் பள்ளி ஆசிரியைகளும் கைம்பெண்களும் அமர்ந்திருக்க, போதகர் 'மிஷனரி ஹெரால்ட்' என்னும் மாத சஞ்சிகையை விரித்துத் தூர தேசங்களிலிருந்து வந்த கடிதங்களை வாசிப்பார். பின்னர் அவற்றை எழுதியோருக்காகச் செபம் ஏறெடுக்கப்படும். அவ்வாறு வாசிக்கப்பட்ட ஊர்ப்பெயர்களுள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய் என்பனவும் அடங்கும். இப்பெயர்கள் அம்மக்களின் நாவில் என்ன பாடுபட்டிருக்கும் என்பது கற்பனைக்குரியது. ஆயினும், இலங்கைத் தீவு எத்திசையில் உள்ளதென்று சுட்டிக்காட்ட இயலாத ஒரு மூதாட்டியுங்கூட உடுவிலில் ஒரு பெண்பாடசாலை உண்டென்பதை அறிந்திருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனரிமாரும் அதே முதல் திங்களில் ஒன்றுகூடினர். ஒரே நாளில் இரு கரைகளிலும் செபம் எழுகின்றது என்ற எண்ணம் அவர்களுக்குப் பெரும் ஆறுதலாயிருந்தது. பொஸ்ரனில் திங்கள் மாலை விளக்கேற்றும் வேளையில் யாழ்ப்பாணத்தில் செவ்வாய் விடியத் தொடங்கிவிடும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். கடிகாரத்தின் வேறுபாடு ஏறத்தாழப் பத்து மணித்தியாலமே. கடிதத்தின் வேறுபாடோ ஐந்து மாதம். சிலவேளை அதனிலும் கூடும். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, அவருக்காகச் செபியுங்கள் என்று எழுதிய கடிதம் அத்திலாந்திக்கின் மறுகரையை அடையுமுன், அவர் ஒன்றிற் குணமடைந்து குதிரையேறி ஊர்சுற்றிக்கொண்டிருப்பார். அன்றேல் மண்ணுக்குள் இருப்பார்.

அமெரிக்க மிஷனின் வரலாறு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி, 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை, 1862இல் அச்சேறிய வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி என்பன பாடநூல்களில் இடம்பெறுவன. மதமாற்றத்தை நோக்காகக் கொண்ட இம்முயற்சிக்கு நாவலர் எழுப்பிய எதிர்ப்பும் அவ்வாறே. புகழ்வோரும் இகழ்வோரும் மிஷனரியை ஒரு நிறுவனமாகவே கண்டனர். அந்நிறுவனத்தின் உள்ளே நுளம்பு கடித்தது; அடுப்புப் புகைந்தது; பிள்ளை அழுதது. அச்சில் வந்த செபவிண்ணப்பங்களில் பெரும்பாலும் ஆவியானவரின் எழுப்புதலும் அறுவடைக்கு ஆட்களுமே வேண்டப்பட்டன. அன்றாட வாழ்க்கை வேண்டிநின்றவை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் பொஸ்ரனுக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலிருந்த தூரத்திற் குறைந்ததன்று.

தொடக்கமே இழப்பில் அமைந்தது. 1812ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா சேர்ந்த முதற் குழுவினரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே தங்க இடமளிக்கவில்லை. இருப்பிடம் தேடி அலைந்த சாமுவேல் நியூவெல் தம் மனைவி ஹரியற்றுடன் மொரீசியசு நோக்கிச் சென்றார். கடலிலே பிறந்த குழந்தை கடலிலேயே இறந்தது. அவ்வாண்டு நவெம்பர் இறுதியில் ஹரியற்றும் அத்தீவில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 19. தனித்து எஞ்சிய நியூவெல் 1813இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்து, மிஷன் பணிக்கு ஏற்ற களம் இதுவெனத் தாய்ச்சங்கத்துக்கு எழுதினார். வட்டுக்கோட்டையும் உடுவிலும் பின்னர் அடைந்த கல்விச்சிறப்பின் மூலத்தைத் தேடிச் செல்பவர், இடங்கொடாத ஒரு துறைமுகத்தையும் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் புதைகுழியையும் கடந்தே செல்லவேண்டியிருக்கின்றது.

1815 ஒக்ரோபர் 23இல் நியூபெரிபோட் துறையிலிருந்து புறப்பட்ட 'டிறையாட்' என்னும் கப்பல் 1816 மார்ச் 22இல் கொழும்பை அடைந்தது. டானியல் பூவர், பெஞ்சமின் மெயிக்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், எட்வேட் வாறன் ஆகியோர் அதில் வந்தனர். தேசாதிபதி பிறவுண்றிக் அவர்களை வரவேற்றார். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் எழுந்து, பின் கூரையிழந்து கிடந்த கோயிற் கட்டடங்களும் குருமனைகளும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவற்றைச் செப்பனிட்டு ஓலை வேய்ந்து குடிபுகுந்தனர். தடித்த கற்சுவர்களும் அவற்றின்மேற் பனையோலையுமாக அமைந்த இவ்வீடுகளைப் பற்றி அந்நாளைய ஊரவர் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எவரும் எழுதிவைக்காமற் போனது ஒரு குறையே.

வேற்றுநாட்டில் வாழ்வோர்க்கு முதற் கவலை அந்நாட்டில் இருக்க அனுமதியுண்டா என்பதே. பிரித்தானியருடன் அமெரிக்கர் செய்த போர் முடிந்து ஓராண்டு கழிந்த காலம் அது. பிறவுண்றிக் காட்டிய தயவை அவருக்குப் பின் வந்த அதிகாரிகள் காட்டவில்லை. 1820இல் ஜேம்ஸ் கறற் என்னும் அச்சுத்தொழிலாளர் மிஷனுக்கென வந்து சேர்ந்தார். அவர் தீவை விட்டு வெளியேறவேண்டும் எனக் கட்டளை பிறந்தது. வந்தவர் பம்பாய் சென்றார். மேலதிக அமெரிக்க மிஷனரிமார் எவரும் வரலாகாது என்ற தடை 1833 வரை நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகளாக ஒருவர் நோயுற்றாலும் இறந்தாலும் அவரிடத்துக்கு இன்னொருவர் வர வழியில்லை. இருந்தவர்களே இறந்தவர்களின் வேலையையும் செய்தனர். விசா என்னும் சொல் அக்காலத்தில் வழக்கில் இல்லாதிருக்கலாம். அச்சொல் இன்று குறிக்கும் தவிப்பு அன்றும் இருந்தது.

அடுத்தது மொழி. வந்த நாளில் அவர்கள் வாய்பேசாதவர்களாகவே வாழ்ந்தனர். பல்கலைக்கழகக் கல்வி பெற்று, கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற ஒருவர் சந்தையிற் கத்தரிக்காய் வாங்க வேலைக்காரச் சிறுவனை நம்பவேண்டியிருந்தது. பிரசங்கங்கள் துபாசி மூலமே நிகழ்ந்தன. கபிரியேல் திசேரா என்பவர் அத்தகைய துபாசிகளுள் ஒருவர். பின்னர் அவரே பிரசங்கியாக உரிமம் பெற்றார். மிஷனரியின் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் திசேராவின் வாயிலிருந்து எவ்வாறு தமிழாயிற்று என்பதை அம்மிஷனரி மதிப்பிடும் ஆற்றல் பெறச் சில ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் யார் பிரசங்கம் செய்தார், யார் துணைநின்றார் என்பது நேர்மையாக விடையிறுக்கக் கடினமான வினா.

முன்ஷிமார் ஓலையும் எழுத்தாணியுமாக வந்து கற்பித்தனர். எழுத்தாணி பிடிக்கத் தெரியாத வெள்ளைக் கைகள் மையையும் காகிதத்தையும் நாடின. காகிதத்தையோ கறையான் நாடியது. லகர ளகர ழகர வேறுபாட்டில் இடறி விழாதவர் இல்லை. மொழியின் படிநிலைகள் ஒலியினும் கடினமானவை. யாரை 'நீர்' என்பது, யாரை 'நீங்கள்' என்பது என்னும் நுட்பம் இலக்கண நூலில் இல்லை. தவறினால் மட்டும் உடனே தெரிந்துவிடும். மைரன் வின்ஸ்லோவின் அகராதியைப் புரட்டுவோர் அதன் 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கண்டு வியப்பர். நல்லூரிலிருந்த நைற் ஐயர் தொடங்கிவைத்த அவ்வேலையைத் தமிழ்ப் புலவர் பலரின் துணையோடு வின்ஸ்லோ நிறைவேற்றினார். அது புலமையின் சாதனை என்பதில் ஐயமில்லை. சொல் கிடையாது தடுமாறிய நாட்கள் பல அந்நூலின் அடியிற் கிடக்கின்றன என்பதிலும் ஐயமில்லை.

நோயைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 'டிறையாட்' கப்பலில் வந்தவர்களுள் மருத்துவமும் அறிந்திருந்த வாறன், தெல்லிப்பழையிற் பணிதொடங்கிய பின் ஈளைநோயுற்றுக் காற்று மாறுதலுக்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்று 1818இல் அங்கே இறந்தார். உடன் சென்ற றிச்சட்சும் அதே நோயினர். அவர் யாழ்ப்பாணம் மீண்டு, குரல் ஓய்ந்த நிலையிலும் பணியாற்றி, 1822இல் மறைந்தார். பூவர் ஐயரின் மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். 1819இற் புறப்பட்ட இரண்டாம் குழுவில் வந்த மருத்துவர் ஜோன் ஸ்கடரின் முதற் குழந்தை யாழ்ப்பாணத்தைக் காணாமலே கல்கத்தாவில் இறந்தது. ஊரிற் பேதிநோய் பரவியபோது அது வெள்ளையர் என்றோ கறுப்பர் என்றோ பார்க்கவில்லை.

ஆனால் இறப்பினும் கொடிய ஒன்று அவ்வீடுகளில் இருந்தது. அது பிள்ளைகளைப் பிரிவது. யாழ்ப்பாணத்திற் பிறந்த மிஷன் பிள்ளைகள் எட்டு, பத்து வயதை எட்டியதும் அவர்களின் எதிர்காலம் பற்றிய வினா எழும். உயர்கல்விக்கும் தொழிலுக்கும் அவர்களுக்கு இங்கே இடமிருப்பதாகப் பெற்றோர் கருதவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுடன் கூடி வளர்ந்தால் அவர்கள் கெட்டுப்போவர் என்ற அச்சமும் இருந்தது. பிறர் பிள்ளைகளைத் தம் பாடசாலையிற் சேர்க்க வீடுவீடாக நடந்தவர்கள் தம் பிள்ளைகளை அதே பிள்ளைகளோடு சேர விடத் தயங்கினர் என்பது இம்மிஷன் வரலாற்றின் ஆழ்ந்த முரண்பாடுகளுள் ஒன்று. அதனைக் கண்டும் காணாததுபோற் கடந்துசெல்லுதல் தகாது. ஆயினும் அம்முரண்பாட்டுக்கான விலையையும் அவர்களே கொடுத்தனர். பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பிய தாய் அதனை மீண்டும் காண்பாள் என்பதற்கு உறுதி எதுவுமில்லை.

ஹரியற் வின்ஸ்லோவின் வாழ்க்கை இதற்குச் சான்று. கனெக்ரிக்கற் மாநிலத்தின் நோர்விச் ஊரிற் பிறந்த இவர் மைரன் வின்ஸ்லோவை மணந்து 1820இல் உடுவிலிற் குடியேறினார். 1824இல் அங்கு தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை இவரது பொறுப்பில் வளர்ந்தது. பெண்ணுக்கு எழுத்தறிவிப்பது வீட்டுக்குக் கேடு என்று கருதிய சமூகத்தில் முதற் சில மாணவியரைச் சேர்ப்பதற்கே அவர் பட்ட பாடு பெரிது. அவருடைய மகன் சாள்ஸ் யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவன். அவன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே சென்றடைந்த சிறிது காலத்துள், 1832 மே மாதத்தில், நியூயோர்க்கில் நோயுற்று இறந்தான். அப்போது அவனுக்கு 11 வயது.

கடல்வழிக் கணக்கைக் கொண்டு நோக்கினால், அவன் இறந்தபின்னரும் பல மாதங்கள் உடுவில் வீட்டில் அவனுக்காகச் செபம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அவன் நற்கதி பெறவேண்டும், நன்றாகக் கற்கவேண்டும், புதிய நாட்டின் குளிரைத் தாங்கவேண்டும் என்று தாய் வேண்டிய ஒவ்வொரு மாலையிலும் அவன் இல்லை. செய்தி வந்தது. 1833 சனவரி 14இல் ஹரியற்றும் உடுவிலில் இறந்தார். அவர் இறந்த அதே ஆண்டிலே புதிய மிஷனரிமாருக்கான தடை நீங்கியது. ஒக்ரோபரில் வந்திறங்கிய குழுவில் அவருடைய சகோதரியும் ஒருவர். அக்குடும்பத்தின் பெண்மக்கள் இன்னும் இருவர் பின்னர் இதே களத்துக்கு வந்தனர். அவர்களை வரவேற்க மூத்தவர் இருக்கவில்லை.

ஹரியற் விட்டுச்சென்ற மகளொருத்தியின் வழியில் வந்த கொள்ளுப்பேரன் ஜோன் பொஸ்ரர் டலஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் இராசாங்கச் செயலாளராயிருந்தார். உலக அரசியலிற் கடுங்குளிர்காலமொன்றைப் பரப்பியவர் என்று பலரால் விமரிசிக்கப்பட்ட அவருடைய பாட்டி உடுவிலிற் பிறந்தவர் என்பதை அறிந்தோர் யாழ்ப்பாணத்திலேயே சிலர்தாம். அது நிற்க.

செபத்தின் முகவரி தவறிப்போன கதைகள் வேறும் உண்டு. விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளை அமெரிக்கக் கொடையாளர் ஆண்டுக்கொரு சிறுதொகை கொடுத்துத் தாங்கினர். அதற்கு ஈடாகப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை பெற்றனர். மறைந்த போதகர், இறந்த மகன், சங்கத்தின் தலைவர் எனப் பலருடைய பெயர்கள் இவ்வாறு யாழ்ப்பாணத்துக்கு வந்தன. உதயதாரகையின் ஆசிரியர்களாயிருந்த தமிழர் இருவர் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் பெயரினர். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார்; சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார்; விசுவநாதபிள்ளை கறல் ஆனார். நியூ இங்கிலாந்தின் தையற்கூட்டமொன்றில் அமர்ந்து, கறல் என்னும் பையனுக்காக ஊக்கமாய்ச் செபித்த பெண்களின் மனக்கண்ணில் எத்தகைய முகம் தோன்றியதோ! நாவலரோடு கண்டனப் போர் நிகழ்த்திய அக்கறல் பின்னாளிற் சைவத்துக்கு மீண்டார் என்பர். அச்செய்தி அத்தையற்கூட்டத்துக்கு எட்டியிருப்பின் அம்மாதத்துத் திங்கள் மாலை சற்றே கனத்திருக்கும். ஒரு மனிதனுக்காக அவனறியாமல் வேண்டிக்கொள்வது அன்புதான். வேண்டுவோர் இட்ட பெயரையே அவன் சுமந்து திரியவேண்டும் என்பது அன்பின் வேறொரு வகை.

உணவும் ஒரு நாளாந்தச் சோதனையே. வட்டுக்கோட்டையிற் சேர்ந்த உயர்சாதி மாணவர்கள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தனர். எனவே வளவுக்குப் புறத்தே, அயலிலிருந்த சைவரொருவரின் காணியிற் சமையற்கூடம் அமைக்கப்பட்டது, சமைத்தவரும் சைவரே. சாதியை ஏற்காத மதத்தைப் போதிக்க வந்தோர் சாதிக்கு அடுப்பு மூட்டிக்கொடுக்கவேண்டியதாயிற்று. நாளொன்றுக்கு மூன்று வேளை இவ்விட்டுக்கொடுப்பு அவர்களின் கண்முன் புகைந்தது. விட்டுக்கொடுத்தது சரியா தவறா என்று அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. அவ்வாறே ஆங்கிலத்திற் கற்பிப்பதா தமிழிற் கற்பிப்பதா, செமினரி வேண்டுமா கிராமப் பள்ளிகள் வேண்டுமா என்பனவும் அவர்களைப் பிரித்தன. பத்துப் பன்னிரண்டு பேர், வேறு உறவோ நட்போ இல்லாதவர்கள், சில மைல் சுற்றளவில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ்ந்தனர். சகமிஷனரியைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமைதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கும். அதனை 'ஹெரால்ட்' சஞ்சிகையில் எழுதிக் கேட்க யாரால் இயலும்? அக்கடிதங்களை வாசித்துக் காசு கொடுத்தவர்களுக்கு மிஷனரி ஒரு வீரன். வீரன் அயல்வீட்டு ஐயரோடு பேசாதிருக்கிறான் என்று எழுதினால் உண்டியல் இளைத்துவிடும்.

உண்டியல் ஒருமுறை உண்மையாகவே இளைத்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து வணிகம் நிலைகுலைந்தபோது தாய்ச்சங்கம் பணத்தைக் குறைத்தது. கட்டளை வந்து சேர்ந்ததும் யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் நடத்திய கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. ஐயாயிரம் அளவான பிள்ளைகள் வெளியே அனுப்பப்பட்டனர். இருபது ஆண்டுகளாக வாசல்வாசலாகச் சென்று, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று மன்றாடியவர்கள், இப்போது அதே பிள்ளையிடம், நாளை வராதே என்று சொல்லவேண்டியிருந்தது. நியூயோர்க்கின் வங்கிக்கும் உடுவிற் சிறுமியின் சிலேற்றுக்கும் உள்ள தொடர்பை அச்சிறுமிக்கு எவராலும் விளக்கியிருக்க முடியாது. பின்னர் பணம் வந்தது, பள்ளிகள் பலவும் திறந்தன. எனினும் சிதறிய பிள்ளைகள் எல்லோரும் மீளவில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவே தனிமை என்று ஒன்றுண்டு. அதற்குக் குடும்பமில்லாதவரையே சான்று கூறுவது வழக்கம். எலைசா அக்னியூ என்னும் நியூயோர்க் மாது சிறுவயதிலேயே மிஷனரியாகும் எண்ணங்கொண்டு, பெற்றோர் இறக்கும்வரை அவர்களைப் பராமரித்து, 32 வயதளவில் 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்தார். உடுவிற் பாடசாலையை 1879 வரை நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றனர். தாயும் மகளும் பேத்தியும் என மூன்று தலைமுறையினர் அவருடைய வகுப்பில் இருந்தனர். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. ஏன் என்று கேட்டோரிடம் நேரமில்லை என்று கூறிவந்தாராம். இது பணிப்பற்று என்று போற்றப்படுகின்றது, போற்றுதற்குரியதே. எனினும் பெற்றோரை அடக்கம்செய்துவிட்டுப் புறப்பட்ட ஒருவருக்குத் திரும்பிச் செல்ல வீடென ஒன்று எங்கே இருந்தது என்ற எண்ணமும் உடன் எழுகின்றது. 1883இல் அவர் மானிப்பாயில் இறந்தபோது அழுதவர்கள் உடுவிற் பெண்கள். பெண்ணொருத்தி நோயுற்றால் இரவு முழுதும் அருகிருப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். பொஸ்ரனிலிருந்து வரக்கூடிய செபத்தினும், பாயை விரித்துப் பக்கத்திற் படுத்திருந்த பழைய மாணவியின் மூச்சொலி அக்னியூ அம்மையாருக்கு அண்மையில் இருந்திருக்கும்.

இந்த அண்மையைப் பற்றி அச்சிட்ட அறிக்கைகள் குறைவாகவே பேசுகின்றன. ஆயாமார், சமையற்காரர், முன்ஷிமார், குதிரைக்காரர், வண்டிக்காரர் ஆகியோரின்றி ஒரு மிஷன் வீடு ஒரு வாரமும் இயங்கியிராது. வின்ஸ்லோ ஒருவர்பின் ஒருவராக மனைவியரைப் பறிகொடுத்தவர். தாயற்ற குழந்தைகளைத் தூக்கித் தாலாட்டியவை தமிழ்க் கைகளாகத்தான் இருந்திருக்கும். 'அஞ்ஞானிகள்' என்று அறிக்கையிற் குறிக்கப்பட்டவர்களே, அறிக்கை எழுதுவோரின் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக்கொடுத்தோரும் ஆவர். செபத்துக்கு விடை எவ்வழியாக வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தனரோ, அவ்வழியாக மட்டும் அது வரவில்லை. இதனைச் சிலர் உணர்ந்தனர். சிலர் இறுதிவரை உணரவில்லை.

டானியல் பூவர் உணர்ந்தவர்களுள் ஒருவர் எனலாம். முதற் கப்பலில் வந்த அவர் தமிழிற் சரளமாகப் பேசவும் தமிழ் அறிஞரோடு அமர்ந்து விவாதிக்கவும் பழகினார். 1848இல் அமெரிக்கா சென்று ஊர்ஊராகப் பேசினார். பிறந்த நாட்டிலேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. 1855 பெப்ரவரியில் மானிப்பாயிற் பேதிநோய் அவரைக் கொண்டுசென்றது. அவர் தலைமைதாங்கி வளர்த்த செமினரி அதே ஆண்டில், அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவுப்படி மூடப்பட்டது. அதனைக் காணுமுன் அவர் இறந்தமை அவருக்கு வாய்த்த ஒரு சலுகையென்றே கொள்ளவேண்டும்.

சாமுவேல் பிஸ்க் கிறீனின் கதை தலைகீழானது. 1847இல் வந்து, 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கி, உடல் நலிந்து 1857இற் சென்று, 1862இல் மனைவியோடு மீண்டு, 1873இல் இறுதியாகப் புறப்பட்டவர் அவர். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவரை அவர் பயிற்றினார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று எவரும் நம்பாத காலத்தில் நம்பி, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களை ஆக்கினார். பகலில் நோயாளரும், மாலையில் மாணவரும், இரவிற் கலைச்சொற்களுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. அவர் தாய்நாடு திரும்பிய பின்னரே புதிய வகையான ஏக்கம் ஒன்று அவரைப் பற்றியது. மசச்சூசெற்சிலுள்ள வூஸ்ரர் நகரின் தம் இல்லத்திலிருந்தபடி தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1875இல் வெளிவந்த கெமிஸ்தம் அவ்வாறு முடிந்த நூல்களுள் ஒன்று. சுயெஸ் கால்வாய் 1869இல் திறந்துவிட்டமையால் கடிதங்கள் முன்னரிலும் விரைவாகச் சென்றன. இப்போது காத்திருந்தவர் வூஸ்ரரில் இருந்தார். செய்தி வரவேண்டிய ஊர் மானிப்பாய். அவருடைய மாணவர் யாருக்கு என்ன நேர்ந்ததோ, எந்தச் சொல்லை அச்சுக்கோப்பவர் பிழைபடக் கோத்தாரோ என்ற கவலை அவரை விட்டு நீங்கவில்லை.

1884இல் கிறீன் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்னும் செய்தியைத் தம் நடுகல்லிற் பொறிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே பொறித்தனர். கல் வூஸ்ரரில் நிற்கின்றது. அவ்வழியே செல்வோருட் பலருக்குத் தமிழர் என்போர் யாவர் என்பது தெரிந்திராது.